ஊராட்சித் தேர்தல் எப்போது? சேலம், ஏற்காடு நண்பர்கள் கொஞ்சம் வாருங்கள்

சேர்வராயன்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இப்போது 2025 ஜூன் மாதமும் வந்துவிட்டது. தேர்தல் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எல்லோரும் 2026 சட்டமன்றத் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இருப்பது மலைமேல். ஏற்காடு ஒன்றியத்தில் ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, வேலூர், செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை, வாழவந்தி என்று 9 ஊராட்சிகள். ஒன்பதுக்கும் இப்போது ஒரே தனி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்தான். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஏற்கெனவே அவருக்கு ஒன்றிய வேலை தலைக்குமேல் இருக்கிறது. அதோடு ஒன்பது ஊராட்சித் தலைவர்களின் வேலையையும் சேர்த்துப் பார் என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்?

கோடையில் எங்கள் ஊர் மோட்டார் எரிந்துவிட்டது. முன்பென்றால் விடியற்காலையில் தலைவர் வீட்டு வாசலில் நாலு பேர் போய் நின்றுவிடுவோம். பணம் இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே கடனுக்காவது மெக்கானிக்கைக் கூப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் தெருவில் நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இந்தத் தடவை ஊராட்சிச் செயலர் "மேலே எழுதி அனுப்பியிருக்கிறேன்" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருந்தார். கையெழுத்து வரும்வரை பெண்கள் ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கம் காட்டெருமை நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தேர்தல் எப்போது என்று யாருக்காவது ஏதாவது தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாம் என்ன செய்யலாம் என்றாவது பேசுவோம்.

வெள்ளிப்பட்டறை:
அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எனக்கு வேறு அனுபவம் இருப்பதால் மறுத்துப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மாமனார் ஊர் வாழப்பாடி பக்கம். அங்கே தலைவர் இருந்த ஐந்து வருடமும் சாக்கடை வேலை, சிமெண்ட் ரோடு, எல்லாமே அவருடைய சொந்தக்காரர் ஒருவருக்கே போனது. எதிர்த்துக் கேட்டவர் வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வரவில்லை. இப்போது அதிகாரி கையில் இருக்கிறது. வேலை மெதுவாக நடந்தாலும் ஆள் பார்த்து நடக்கவில்லை. தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பாருங்கள். சில ஊர்களில் பதவியை ஏலம் விட்ட செய்தி வந்து, மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரிக்கை விட்டது. இப்படி வருகிறவர் போட்ட பணத்தை எடுக்காமல் விடுவாரா? தேர்தல் கொஞ்சம் தள்ளிப் போனால் அப்படி என்ன குடிமுழுகிப் போய்விடும்?

முன்னாள்உறுப்பினர்:
நான் ஓமலூர் ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியில் 2020 முதல் வார்டு உறுப்பினராக இருந்தவள். தம்பி வெள்ளிப்பட்டறை கேட்டதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வார்டு உறுப்பினருக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மற்ற உறுப்பினர்களுக்கு அதுவும் இல்லை. அமர்வுப்படி என்று தருவது போக்குவரத்துக்கே பத்தாது. அப்படியிருந்தும் என் வார்டில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி என்னைத்தான் தேடி வருவார். அந்தப் பாட்டிக்கு ஒன்றிய அலுவலகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. நான் மனுவை எழுதி, தாலுகா அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், விரல் ரேகை பதியவில்லை என்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தேன். இப்போதும் வருகிறார்கள். "அக்கா, உங்க பதவி முடிஞ்சிருச்சுன்னு தெரியும், இருந்தாலும்…" என்கிறார்கள். நான் போய்ப் பேசினால் அலுவலகத்தில் "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், இன்றைக்கு நான் யாருமில்லை.

இன்னொன்று. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. அதன்படி நடந்த முதல் ஊராட்சித் தேர்தலே 2019 டிசம்பரில்தான். சில ஊர்களில் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் கூட்டத்தில் பேசவே பயந்த பெண்கள் மூன்றாம் வருடம் எஸ்டிமேட்டை வாங்கி, குழாய் எத்தனை அங்குலம் என்று கேட்கிற அளவுக்கு வந்தார்கள். கற்றுக்கொண்டு நிமிர்கிற நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி தேர்தல் வருவதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வமே போய்விடும். நீங்கள் சொன்ன அந்த ஒப்பந்தக்காரர் அப்படியேதான் இருப்பார் தம்பி, அவருக்குப் பதவிக்காலம் கிடையாது.

கன்னங்குறிச்சி:
அக்கா சொன்னதில் ஒவ்வொரு வரியும் உண்மை. நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் சட்ட விவரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 243இ பிரிவு தெளிவாக இருக்கிறது: ஊராட்சிக்கு ஐந்து வருடம், அதற்கு மேல் கிடையாது, அந்த ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 243யு பிரிவு இதையேதான் சொல்கிறது. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும், மாநிலத் தேர்தல் ஆணையம் காலக்கெடுவுக்குள் தேர்தலை முடிக்க வேண்டும், சாதாரணக் காரணங்களைச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இனி நம் மாநிலத்துக் கதை. 1986-ல் தேர்தல். அந்த உறுப்பினர்களின் காலம் முடிந்தபின் 1996 வரை தேர்தலே இல்லை. ஊராட்சிகளுக்கான அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகுதான் 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. வழக்குத் தொடுத்தது. அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதோடு தனி அலுவலர்கள் வந்தார்கள். 2017 நவம்பருக்குள் நடத்துங்கள் என்று நீதிமன்றம் சொல்லியும் அ.தி.மு.க. அரசு நடத்தவில்லை. ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 2019 டிசம்பர் 27, 30-ல் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். புதிதாகப் பிரித்த மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களும் சேர்ந்து 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19. ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிய வேண்டியது மூன்று துண்டாகிவிட்டது.

அன்றைக்கு ஆளுங்கட்சியைத் திட்டிய தி.மு.க.வினர் 2021-ல் ஆட்சிக்கு வந்தார்கள். இப்போது வார்டு மறுவரையறை, ஊராட்சிகளை நகரத்தோடு சேர்ப்பது என்று காரணம் வருகிறது. ஐந்து வருடம் இருந்ததே, அதற்குள் செய்திருக்க வேண்டிய வேலைகள்தானே இவை?

பணமும் இதில் மாட்டிக்கொள்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியம் நிற்கும். 2016-க்குப் பிறகு அப்படித்தான் நின்றது. அந்த மானியத்தில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் வருவது.

வெள்ளிப்பட்டறை:
சட்டம் புரிகிறது சார். ஆனால் தணிக்கை என்று ஒன்று ஒழுங்காக இல்லாமல் தேர்தல் மட்டும் நடந்தால் அதே ஆட்கள்தானே வருவார்கள்? இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

சேர்வராயன்சாரல்:
வரலாம். அதே ஆள் வந்தால் அடுத்த தடவை தோற்கடிக்கலாம். எங்கள் பக்கத்து ஊராட்சியில் அப்படி ஒருவரை டெபாசிட் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். தனி அலுவலரை நான் எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? அவர் நல்லவராக இருந்தால் மாறுதலாகிப் போய்விடுகிறார். அப்படி இல்லாவிட்டாலும் மாறுதலாகித்தான் போகிறார்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியம், 385 கிராம ஊராட்சி. சராசரியாக ஓர் அலுவலருக்கு 19 ஊராட்சி. மலையில் ஒன்பதுதான் என்றாலும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் வரவே ஒரு நாள் ஆகும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை.

அம்மாபேட்டை:
நகரத்துக்காரன் நான். நமக்கென்ன என்று எங்கள் தெருவில் பல பேர் இருக்கிறார்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு. கவுன்சிலர்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றார்கள். 2027 தொடக்கத்தில் எங்களுக்கும் காலம் முடியும். ஊராட்சிக்கு இப்போது நடப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அப்போது எங்களுக்கும் அதுவேதான்.

2016 முதல் 2022 வரை கவுன்சிலர் இல்லாமல் இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பகுதி தறிக்காரர்கள் நிறைந்தது, வீடும் தொழிலும் ஒன்றாக இருக்கும். சொத்து வரியில் வீட்டை வணிகக் கட்டடம் என்று போட்டுவிட்டால் அதை மாற்ற மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். கவுன்சிலர் இருந்தால் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார், அது பத்திரிகையில் வரும், அதற்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் வரியும் கட்டணமும் எந்த மன்றத்திலும் விவாதம் இல்லாமல் முடிவானது.

இந்த ஊரின் நகராட்சி 1866-ல் உருவானது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை அதற்குத் தலைவராக இருந்தார். பிற்பாடு மாகாண முதல்வராகவும் கவர்னர் ஜெனரலாகவும் ஆனவர், குழாய், குப்பை, சாக்கடை விவகாரத்தில்தான் நிர்வாகம் பழகினார். அந்த வழியை அடைத்துவிட்டு நல்ல தலைவர்கள் எங்கே என்று தேடுகிறோம்.

மேயர் விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. 1996-லும் 2001-லும் 2011-லும் மேயரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2006-ல் மறைமுகம், 2022-ல் மறுபடியும் மறைமுகம், அதாவது கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. ஆட்சிக்கு எது வசதியோ அதற்குத் தகுந்தபடி மாற்றுகிறார்கள். ஓட்டுப் போடும் எங்களை யாரும் கேட்கவில்லை.

வாளையார்தாண்டி:
சேலத்துக்காரன்தான், பாலக்காட்டில் பல வருடமாக வேலை. கேரளத்தில் 1995, 2000, 2005, 2010, 2015, 2020 என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துவிடுகிறது. கொரோனா காலத்தில்கூட ஒரு மாதம் போலத் தள்ளி, 2020 டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். இடதுசாரி ஆண்டாலும் காங்கிரஸ் ஆண்டாலும் அந்த அட்டவணையில் கை வைப்பதில்லை. வைத்தால் மக்கள் சும்மா விடமாட்டார்கள்.

அங்கே கிராம ஊராட்சி வார்டுக்கே கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊரில் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மட்டும் கட்சிச் சின்னம். எனக்கென்னவோ கேரள முறைதான் நேர்மையாகத் தெரிகிறது. எல்லோருக்கும் அவர் எந்தக் கட்சி என்று தெரியும், அப்புறம் எதற்கு மறைப்பு? தலைவர் தப்புச் செய்தால் கட்சியும் பதில் சொல்ல வேண்டும்.

சேர்வராயன்சாரல்:
இதில் நான் உடன்பட மாட்டேன் நண்பரே. எங்கள் மலையூர்களில் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று சொந்தம். ஒரே ஊரில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. சட்டமன்றத் தேர்தலில் அடித்துக்கொள்வார்கள், தலைவர் தேர்தலில் "நம்ம ஊருக்கு ரோடு போடுவானா" என்று மட்டும் பார்ப்பார்கள். கட்சிச் சின்னம் வந்தால் அந்த இடமும் போய்விடும். தோற்ற கட்சியின் தெருவுக்குத் தண்ணீர் வராது.

ஒன்றிய, மாவட்ட அளவில் கட்சி இருப்பது சரிதான். 2020 ஜனவரியில் சேலம் மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவி அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த பா.ம.க.வுக்குப் போனது. அந்த அளவில் கூட்டணிப் பேச்சுவார்த்தை நடக்கட்டும். குழாயடிக்கு அது வேண்டாம்.

இன்னொரு குறையும் மலைக்கு உண்டு. பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி இது. ஆனாலும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படாததால், கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் வருடத்துப் பெசா சட்டம் எங்களுக்கு இல்லை. எங்களிடம் இருப்பது சாதாரண ஊராட்சி மட்டும்தான். அதையும் பூட்டிவைத்தால் ரிசார்ட் கட்டுகிறவர் மலையைக் குடைந்தால் ஊர் சார்பில் எழுந்து கேட்க யார் இருக்கிறார்கள்?

வாளையார்தாண்டி:
நீங்கள் சொல்லும் அந்த "தண்ணீர் வராது" பிரச்சினை சுயேச்சைச் சின்னத்திலும் இருக்கிறது, வெள்ளிப்பட்டறை மேலே எழுதியதைப் படியுங்கள். ஆனால் மலை நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும், விட்டுவிடுகிறேன்.

புதுவாக்காளர்_ஆத்தூர்:
எனக்கு 23 வயது. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன், ஊராட்சிக்கு இதுவரை போட்டதே இல்லை. 2019-ல் எனக்கு வயது வரவில்லை. நாலு ஓட்டு என்று அப்பா சொல்கிறார், அது எப்படி?

முன்னாள்உறுப்பினர்:
ஆமாம் கண்ணு, கிராமத்தில் ஒருவருக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2019-ல் மிஷின் இல்லை, வாக்குச்சீட்டில் முத்திரை குத்தினோம். எண்ணி முடிக்க ராத்திரி தாண்டி மறுநாளும் ஆனது. நாலு ஓட்டில் உன் அன்றாடத்தைத் தொடுவது முதல் இரண்டும்தான். உன் வயதுப் பிள்ளைகள் ஒரு முறைகூட இதைப் போடாமல் இருப்பதுதான் எனக்கு ரொம்பக் கவலை.

மரவனேரி:
இலங்கை நிலவரத்தையும் ஒரு வார்த்தை சொல்கிறேன், சொந்தக்காரர்கள் அட்டன் பக்கம் இருக்கிறார்கள். அங்கே 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அப்போது நிதியமைச்சராகவும் இருந்த ஜனாதிபதியின் பெயரையே சொல்லிக் கண்டித்தது. 2025 மே 6-ஆம் தேதி, 339 சபைகளுக்கும் ஒரே நாளில் நாடு முழுக்க ஓட்டுப் போட்டார்கள். திவாலான நாடு அதைச் செய்திருக்கிறது. நமக்கு என்ன குறை?

கன்னங்குறிச்சி:
நல்ல உதாரணம். நகரத்தோடு சேர்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல பேர் தனியாகக் கேட்டார்கள். ஊராட்சி நகராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்ந்துவிட்டால் அங்கே நூறு நாள் வேலை கிடையாது. வீட்டு வரியும் நகரக் கணக்குக்குப் போகும். அதனால்தான் பல மாவட்டங்களில் பெண்கள் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று ஊர் சார்பில் பேச வேண்டிய மன்றம் இல்லாத நேரத்தில் இந்த முடிவுகள் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் பதவி என்று சட்டமன்றத்தில் நல்ல ஒரு மசோதா நிறைவேறியது. கிராமத்தில் அவர்களை உறுப்பினராக உட்கார வைக்க இப்போது சபை எங்கே?

வெள்ளிப்பட்டறை:
எல்லோரும் எழுதியதை நிதானமாகப் படித்தேன். ஓட்டுக்குப் பணம், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் என் கோபம் அப்படியே இருக்கிறது. வேலை முடிந்ததும் எஸ்டிமேட், பில் இரண்டையும் ஊராட்சிச் சுவரில் எழுதச் சொல்லிக் கேட்போம் என்றால் நானும் உங்களோடு வருகிறேன். தேர்தலும் வேண்டும், சுவரில் கணக்கும் வேண்டும்.

முன்னாள்உறுப்பினர்:
அது நியாயமான கோரிக்கை தம்பி. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுபோகலாம். ஆள் சேர்ப்பதுதான் வேலை. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். குறைவாக வந்தால் கூட்டத்தையே ஒத்திவைத்துவிடுவார்கள். காலை நேரம் என்பதால் கூலிக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை நேரில் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு.

கன்னங்குறிச்சி:
தீர்மான வாசகம் இது, ஊர்ப்பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்:

"எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 05.01.2025 அன்று முடிந்துவிட்டதால், அரசியலமைப்பின் 243இ பிரிவின்படி காலதாமதமின்றித் தேர்தல் நடத்துமாறு மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் தமிழ்நாடு அரசையும் இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது. 2025 ஜனவரி முதல் ஊராட்சி நிதியிலிருந்து செலவான ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டையும் பட்டியல் தொகையையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கவும், இந்த ஊராட்சியை எந்த நகர அமைப்போடும் சேர்ப்பதற்கு முன் கிராம சபையின் கருத்தைக் கேட்கவும் தீர்மானிக்கிறது."

நகலை ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு வழக்குக்குப் போக வேண்டியிருந்தால் உதவும்.

சேர்வராயன்சாரல்:
ரொம்ப நன்றி சார். மலையில் ஒரே ஊராட்சியில் பல குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால் ஆள் திரட்டுவது சிரமம்தான், வண்டி வைத்துத்தான் கூட்டிவர வேண்டும். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் பேச எனக்கு ஆள் இருக்கிறது. வெள்ளக்கடை, தலைச்சோலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அம்மாபேட்டை அண்ணா, இதை நூறு நகல் எடுத்துத் தர உங்கள் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

அம்மாபேட்டை:
நான் எடுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், நேரம் மட்டும் சொல்லுங்கள்.